கிள்ளானில் மாட்டிக்கொண்ட மங்கோலியத் தவளை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு மழைக்காலம். நான் மலாயாவில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு குமாஸ்தா வேலை பார்த்த நேரம். சாயங்காலங்களில் என்ன செய்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். மங்கோலிய மொழி படித்தேன்! அந்த நாட்டில் பல வருடம் இருந்துவிட்டு வந்த ஒரு பாதிரியார் பக்கத்துத் தெருவில் குடியிருந்தார். மேலிருந்து கீழே கொடி மாதிரி இறங்கும் அந்த எழுத்தை அவர் வீட்டில் பார்த்து மயங்கிப்போனேன். "சோறு போடுமாடா அது?" என்று அப்பா தலையில் அடித்துக்கொள்வார்.

போடும் போலத்தான் இருந்தது. பாதிரியார் ஊர் திரும்புமுன் சொல்லிவைத்ததில், கல்கத்தாவில் மங்கோலிய அகராதி தயாரிக்கும் ஒரு பேராசிரியர் என்னைப் பார்க்கச் சம்மதித்தார். அவருக்கு உதவிக்கு ஆள் வேண்டும். சம்பளம் உண்டு, அங்கே அலமாரி அலமாரியாக மங்கோலியச் சுவடிகளும் உண்டு! சீனாவிலிருந்து திரும்பும் அவர் கப்பல் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் நின்று, நாலு மணிக்குக் கிளம்பிவிடும். அதற்குள், பாதிரியாரிடமிருந்த மங்கோலியக் கதைகளை நான் கையால் நகலெடுத்த பக்கங்களோடு போய் நிற்க வேண்டும். விட்டால் மலாயாவில் எனக்கு வேறு வழியே கிடையாது.

அன்றைக்குத் துறைமுகம் போகும் ரயிலில் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எதிர் சீட்டுக்காரர் என்ன எழுத்து என்று கேட்டார். என் வாய் சும்மா இருக்குமா? "இந்தச் சீமையிலேயே இதப் படிக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்" என்று அளந்தேன். கிள்ளானில் அவர் இறங்கி யாரிடம் என்ன சொன்னாரோ, ஒரு மலாய்ப் போலீஸ்காரர் ஏறி என்னை இறக்கிவிட்டார். வண்டி போய்விட்டது.

கம்யூனிஸ்ட் நோட்டீஸ் என்று சந்தேகம் வந்தாலே உள்ளே தள்ளும் காலம் அது. ஸ்டேஷனை ஒட்டிய போலீஸ் அறையில் அவர் என் காகிதங்களைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தார், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். வெள்ளைக்காரத் துரை சாயங்காலம்தான் வருவார், வந்து முடிவு செய்வார் என்றார். சுவர்க் கடிகாரம் இரண்டரையைத் தாண்டியிருந்தது. "வெறும் கதைங்க, சத்தியமா கதைதான்" என்று மலாயில் கெஞ்சினேன்.

"பாச்சா!" என்றார். படி என்று உத்தரவு.

ஒரு வரி மங்கோலியத்தில் படிப்பதும், அதை மலாயில் சொல்வதுமாகத் தொடங்கினேன். குளம் வற்றுகிறது. ஒரு தவளை, இரண்டு வாத்துகள். வாத்துகள் ஒரு குச்சியின் இரு முனையைக் கவ்வ, நடுவைத் தவளை கவ்வ, மூன்றும் பறக்கின்றன. கீழே ஜனங்கள் அண்ணாந்து பார்த்து, இது யார் யோசனை என்று வியக்கிறார்கள். அந்த இடத்தில் பயத்தில் எனக்கு எழுத்தே தெரியவில்லை. நின்றுவிட்டேன். போலீஸ்காரர் முகம் மாறியது. தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"அப்புறமென்ன, நான்தான்னு சொல்ல வாயத் தொறந்திருக்கும், தொப்புன்னு விழுந்திருக்கும்!"

சொன்னது, கோழி திருடுபோனதற்குப் புகார் சொல்ல வந்து, பெஞ்சில் வெகுநேரமாகக் காத்திருந்த காப்பார் ரப்பர் தோட்டத்து அக்கா ஒருத்தர். "ஆனா அது தவள இல்ல தம்பி, ஆம. கதைய ஒழுங்கா சொல்லிட்டுப் போய்யா, என் கோழிய யாரு விசாரிக்கிறது?"

கொஞ்சம் தமிழ் தெரிந்த போலீஸ்காரருக்கும் அக்கா சொன்னது புரிந்துவிட்டது. கடகடவென்று சிரித்தார். ஆமைதான், என் அம்மா சொன்ன கதையாயிற்றே என்றார். அத்தோடு கும்பிடு போட்டுக் கிளம்பியிருக்கலாம். நான் இருக்கிறேனே! "இல்லக்கா, இதுல தவளைன்னுதான் எழுதியிருக்கு" என்றேன்.

"அப்ப எழுதினவனுக்குத் தெரியல" என்று முடித்துவிட்டார் அக்கா.

நோட்டீஸ் இல்லை, கதைதான் என்று நம்பிவிட்ட போலீஸ்காரர் பக்கங்களை அடுக்கிக் கையில் கொடுத்தார். தெருவில் போன மீன் லோரியை அவரே நிறுத்தி, "லெக்காஸ் லா!" என்று டிரைவரை அவசரப்படுத்தி, என்னை ஏற்றிவிட்டார். வழியெல்லாம் எனக்குத் தெரிந்த சாமிகளில் நான் வேண்டிக்கொள்ளாதது ஒன்று பாக்கியில்லை. துறைமுகத்தில் கப்பல் ஏணியைத் தூக்கவிருந்தார்கள்; ஓடி ஏறினேன்.

மீன் நாற்றத்தோடு எதிரே நின்ற என்னைப் பேராசிரியர் ஏற இறங்கப் பார்த்தார். ஏன் தாமதம் என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். என் நகலைக்கூட அவர் அப்போது பார்க்கவில்லை; மங்கோலியத் தவளைக் கதை இங்கே ஆமைக் கதையாக உலவுவதுதான் அவருக்குப் பெரிதாகப் பட்டது. ஆமை என்று சொன்னது யார் யார், எந்த ஊர் என்று துருவித் துருவிக் கேட்டுவிட்டு, அடுத்த கப்பலில் வந்து சேர் என்றார்.

அந்த எழுத்தை வைத்தே என் பிழைப்பு ஓடியது. இப்போதும் எதையாவது பற்றி 'இது எனக்கு மட்டும்தான் தெரியும்' என்று வாய் வரைக்கும் வரும்போதெல்லாம், நான் ஒருத்தன்தான் படிப்பேன் என்று அளந்த கதையின் முடிவைக் கோழியைத் தேடி வந்த அக்கா சொன்னது நினைவுக்கு வந்து, குச்சியை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கவ்விக்கொள்கிறேன்.