பத்து மடங்கு கயிறு

தெருவில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர். இருபத்தெட்டு வருடமாக ஊர் அடுக்குமாடிகளின் லிஃப்டுகளைப் பழுது பார்க்கிறவர். அவர் குடியிருப்பது மட்டும் லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. அதைச் சொல்லிக் கிண்டல் செய்யாத ஆள் கிடையாது. டாக்டர் என்ன ஆஸ்பத்திரியிலா குடியிருக்கிறார் என்று கேட்டுவிட்டுப் படியேறிவிடுவார்.

அந்த வீட்டுப் படுக்கையறையில் ஒரு விமானம் இருந்தது. எஞ்சின் இல்லாத விமானம். தரையில் நின்றபடி ரேடியோப் பெட்டியால் ஓட்டுகிற கிளைடர். மூன்று வருடம் உட்கார்ந்து இழைத்து இழைத்து அவரே செய்தது. விரித்தால் இறக்கை நான்கு மீட்டர் நீளும். ஒரு பாதி அலமாரியின் மேலே, இன்னொரு பாதி கட்டிலுக்கு அடியில், நடுவில் அவர் மனைவி. எனக்கு இரண்டு இறக்கை வந்துவிட்டது, வால் எப்போது வைப்பீர்கள் என்று அந்த அம்மா தினமும் கேட்பார்.

எஞ்சின் இல்லாததைக் கயிறு கட்டி இழுத்துத்தான் ஏற்ற வேண்டும், பட்டம் மாதிரி. இதற்கு முன் வைத்திருந்த சின்ன கிளைடருக்கு அந்த வேலையைச் செய்தவர் மனைவியின் தம்பி. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்தை இரண்டாக வகுந்து ஓடுவார். அதனால் அவர் பெயர் குதிரை. தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கிறவர். எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கிறவனுக்கு ஓடுவதே சம்பளம் என்பார். நாற்பத்தாறாவது வயதில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. இனி ஓடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். புது கிளைடரோ இன்னும் ஒரு தடவைகூட வானத்தைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் லிஃப்ட்காரர் வின்ச் தேட ஆரம்பித்தார். கார் ஸ்டார்ட்டர் மோட்டார், ஒரு உருளை, ஒரு பேட்டரி, காலால் அழுத்துகிற கட்டை, இவ்வளவுதான் வின்ச். மைதானத்தின் கடைசியில் தரையில் ஒரு கப்பியை அடித்து வைத்தால், கயிறு அதைச் சுற்றித் திரும்பிவந்து கிளைடரில் மாட்டும். காலை அழுத்தினால் உருளை சுற்றும், கிளைடர் ஏறும். குதிரை தேவையில்லை.

அதே மாதத்தில்தான் கண் டாக்டரிடமும் போனார். ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பொத்தானிலேயே பிழைப்பு நடத்தியவர், பாதிப் புள்ளிகளுக்கு அழுத்தவே இல்லை. கண்ணழுத்தம், ஓரத்திலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வரும், போனது திரும்பாது, சொட்டு மருந்து போட்டால் கொஞ்சம் மெதுவாகப் போகும் என்றார்கள். வீட்டில், கண்ணில் தூசி என்று சொல்லிவிட்டார். மனைவியே நாள் தவறாமல் அந்தத் தூசிக்கு மருந்து ஊற்றினார்.

கண் இருக்கும்போதே தன் கிளைடர் பறப்பதைப் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. நியாயமாக மறுநாளே ஏதோ ஒரு வின்ச்சை வாங்கியிருக்க வேண்டும். ஆனால் தப்பான வின்ச் இறக்கையை முறித்தால் இன்னொன்று செய்ய மூன்று வருடமாகும், அவரிடம் மூன்று வருடக் கண் இல்லை. ஆகையால் அவசரமாக, மிக நிதானமாக, தேர்ந்தெடுத்தார். பதினான்கு மாதம்.

முதலில் வின்ச்சுக்குப் பதில் ரப்பர் கயிறு போதுமா என்று யோசித்தார். இழுத்துவிட்ட ரப்பர் யார் பேச்சையும் கேட்காது என்று தள்ளினார். ஒரு வின்ச்சில் உருளை குறுகல், ஒன்றில் பிரேக் இல்லை, ஒன்றில் பேட்டரி நாலு இழுப்பில் படுத்துவிடும். நோட்டுப் புத்தகம் நிறைந்தது. ஆளைத் தூக்குகிற கயிறு, தூக்கும் எடையைப் போலப் பத்து மடங்கு தாங்க வேண்டும் என்பது லிஃப்டு வேலையில் வேதவாக்கு. அவர் அதை மூன்று கிலோ கிளைடருக்கும் கொண்டுவந்தார். கிளைடர் பறக்கவிடுகிறவர்களோ, கயிற்றின் நுனியில் வேண்டுமென்றே ஒரு வலுவில்லாத நூல் துண்டைக் கட்டுவார்கள். இழுப்பு மிஞ்சினால் இறக்கை முறிவதற்கு முன் நூல் அறுந்துவிடும். அறுவதற்கென்றே ஒரு கயிறா என்று லிஃப்ட்காரருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

வின்ச் விற்பவர் நல்ல மனுஷன். பதினேழாவது தடவை போன் வந்தபோதுதான் கேட்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க மேல ஏத்தப்போறது கிளைடரா, ஆளா?"

லிஃப்ட்காரர் யோசித்தாராம். அந்த யோசனைதான் விற்பவரைப் பயமுறுத்தியிருக்கிறது.

கடைசியில் இருப்பதிலேயே பெரியதை வாங்கினார். காரணத்தை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தார். குதிரை ஓடினால் அறுபது மீட்டர் உயரம், இரண்டு நிமிடப் பறப்பு. இந்த வின்ச் இருநூறு மீட்டர், பத்து நிமிடம். பார்க்க எட்டு நிமிடம் கூடுதல். கணக்கில் பிழையில்லை. உயரத்தைக் கூட்டினால் பொருள் சின்னதாகும் என்பதற்கு மட்டும் அந்தப் பக்கத்தில் கட்டம் போடவில்லை.

கிடங்குகளுக்குப் பின்னால் உள்ள தரிசு நிலத்துக்கு ஒரு ஞாயிறு காலையில் போனார்கள். குதிரை நொண்டி நொண்டி இருநூறு மீட்டர் போய்க் கப்பியை அடித்துவிட்டு, நொண்டி நொண்டித் திரும்பி வந்தார். என் வேலையைப் பிடுங்கிக்கொண்ட மெஷினுக்கு நானே ஆணி அடிக்க வேண்டியிருக்கிறது என்று வின்ச்சைக் காலால் ஒரு தட்டு தட்டினார். பிறகு கிளைடரைத் தலைக்கு மேல் பிடித்து எறிந்தார். லிஃப்ட்காரர் கட்டையை அழுத்தினார்.

ஏறியது. அப்படி ஒரு ஏற்றம் இரண்டு பேரும் பார்த்ததில்லை. இறக்கை வில்லாக வளைந்து, முறியாமல், கயிறு விசிலடிக்க, நேரே மேலே. உச்சியில் கயிறு கழன்றது. அந்த நிமிடத்தில் அது லிஃப்ட்காரரின் கண்ணிலிருந்தும் கழன்றது.

"மாப்ளே, எங்க இருக்கு?"

"தலைக்கு மேலதான் மாமா. இதென்ன கேள்வி?"

அவர் கழுத்தை அந்தப் பக்கம் திருப்பினார், இந்தப் பக்கம் திருப்பினார். குதிரை அவர் கண்ணைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"இடது பக்கம் திருப்புங்க. போதும். நேரா விடுங்க. இப்ப வலது."

அப்படியே நாலைந்து நிமிடம் ஓட்டினார்கள், ஒருவர் கண்ணும் இன்னொருவர் கையுமாக. கைதான் கெட்டிக்காரக் கை, கண் கடிதம் பிரிக்கிற கண். காற்று கிழக்கே திரும்பியது குதிரைக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. கிளைடர் கிடங்குக் கூரைகளைத் தாண்டி, ஒரு இறக்கை சாய்ந்து, ஆற்றுப் பக்கம் சரிந்து மறைந்தது.

குதிரை அது மறைந்த இடத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நல்லா சுத்துது மாமா. பருந்து மாதிரி."

ரேடியோப் பெட்டி விட்டு விட்டுக் கூவ ஆரம்பித்தது. விமானத்திலிருந்து சிக்னல் நின்றுபோனால் கூவும்படி லிஃப்ட்காரரே வைத்திருந்த மணி அது.

"என்ன மாமா சத்தம்?"

"பெட்டில சார்ஜ் இறங்குது. நீ சொல்லு."

குதிரை சொன்னார். இடது என்றார், வலது என்றார், வெயில் பட்டு இறக்கை மின்னுகிறது என்றார். லிஃப்ட்காரரின் விரல்கள் ஒவ்வொன்றுக்கும் சரியாக அசைந்தன. பத்து நிமிடம் முழுசாக ஆனது.

"இறக்கட்டுமா?"

"இறக்குங்க மாமா. மெதுவா."

காற்றுக்கு எதிராகத் திருப்பி, வேகத்தைக் குறைத்து, தரைக்கு ஒரு சாண் உயரத்தில் மூக்கைக் கொஞ்சம் தூக்கினார். ஆயிரம் லிஃப்டை மாடிக்கு மாடி சமமாக நிறுத்திய கை அது.

"தொட்டுச்சா?"

"தொட்டுச்சு மாமா."

கூவிக்கொண்டிருந்த பெட்டியை அணைத்துவிட்டு, கட்டையை அழுத்திக் கயிற்றைச் சுற்றினார். கப்பி வரை போய்த் திரும்பிய நானூறு மீட்டரையும் விரலால் தடவியபடியே உள்ளே விட்டார். எங்கேயும் ஒரு பிசிறு இல்லை.