ஜெயபால் அண்ணனின் குரல் போன கோடை

பட்டாசுப் புகைக்கு ஒரு ருசி உண்டு. நாக்கின் அடியில் புளிப்பாக ஆரம்பித்து, தொண்டையில் காரமாக முடியும். சிவகாசிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை...

அந்தக் கோடை முழுக்க நான் அந்த ருசியோடுதான் பாடினேன்.

பகலில் ஒரு பிரஸ்ஸில் காலண்டர் பைண்டிங் வேலை. சாயங்காலம் ராஜாமணி அண்ணனின் இன்னிசைக் குழுவில் பாட்டு. பங்குனியும் சித்திரையும் எங்களுக்கு சீசன். அம்மன் கோயில் பொங்கல் விழா, காதுகுத்து, சடங்கு, கடைத்திறப்பு... ஒரே வேனில் ஏழு பேர், மடியில் டிரம்ஸ்.

காரியாபட்டியில் ஒரு காதுகுத்தில், குழந்தையின் அழுகை கேட்காத அளவுக்குச் சத்தமாகப் பாடச் சொன்னார்கள். பாடினேன். குழந்தை அழுகையை நிறுத்தி, என்னை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு, இன்னும் பலமாக ஆரம்பித்தது.

ராஜாமணி அண்ணன் கீபோர்டு. ஆண் பாட்டெல்லாம் ஜெயபால் அண்ணன். ஐஸ் மோரைக் கண்டாலே ஓடுவார். குரலை அப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருந்த மனிதர்.

விஸ்வநத்தம் பக்கம் ஓர் ஊரில் பொங்கல் விழா. ஊரில் பாதிப் பேருக்குப் பட்டாசு கம்பெனியில்தான் வேலை. எங்களுக்கு மரியாதை செய்கிறோம் என்று மேடைக்குக் கீழேயே நீளமாகச் சரவெடியை விரித்துக் கொளுத்திவிட்டார்கள். ஜெயபால் அண்ணன் அப்போதுதான் மைக்கில், "அனைவருக்கும் வணக்க..." என்று வாயைத் திறந்திருந்தார்.

"ம்" வரவே இல்லை.

புகை விலகியபோது கூட்டத்தில் ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை. பேச்செல்லாம் வெடியைப் பற்றித்தான்.

"ஏலே, நடுவுல கொஞ்சம் வெடிக்கல, பாத்தியா?"

"திரி நமத்துப் போச்சுலே. நம்ம கம்பெனிச் சரக்கா இருக்காது."

மேடையில் அண்ணன் வாயை அசைக்கிறார், காற்று மட்டும் வருகிறது. விழாக் கமிட்டித் தலைவர் துண்டை உதறிக்கொண்டு வந்தார்.

"என்ன, எல்லாரும் பேசாம நிக்கீக? ஊரே காத்துக்கிட்டு இருக்கு. பாட்டு முடியாம வேனு இங்கன இருந்து நகராது, சொல்லிப்புட்டேன்."

ராஜாமணி அண்ணன் என்னைப் பார்த்தார். "செல்வி, நீ பாடிரும்மா."

"ஆம்பளப் பாட்டாண்ணே?"

"கொரலக் கீள எறக்கிக்க. மத்தத நான் பாத்துக்கிறேன்."

இறக்கினேன். எவ்வளவு தூரம் இறங்கும் என்று எனக்கே தெரியாது. அடிவயிற்றிலிருந்து ஒரு லாரி டிரைவர் எழுந்து வந்தார்.  கூட்டத்திலிருந்து பறந்தது பாருங்கள் விசில்! டூயட் வந்தபோது, இந்தப் பக்கம் திரும்பி ஆணாகவும் அந்தப் பக்கம் திரும்பிப் பெண்ணாகவும் பாடினேன். என்னை நானே காதலித்து, கோபித்துக்கொண்டு, சமாதானமும் ஆனேன். ஜெயபால் அண்ணன் பக்கத்தில் நின்று கையை மட்டும் ஆட்டினார்.

எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. கூட்டத்தில் என் அம்மாவும், அவள் பக்கத்தில் ஆலங்குளத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்திருந்த குடும்பமும் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை முருகேசன், லாரி மெக்கானிக். "முதல்ல பாட்டக் கேளுங்க, எம்மக குயிலு மாதிரி பாடுவா" என்று அம்மாதான் கூட்டி வந்திருக்கிறாள்...

மறுநாள் காலை வீட்டுக்கே வந்தார்கள். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு போய்க் காப்பியைக் கொடுத்துவிட்டு, "வாங்க" என்றேன்.

மாப்பிள்ளையின் அப்பா, யாரோ பெரிய மனிதர் வந்துவிட்டார் என்று எழுந்து வாசலைப் பார்த்துக் கும்பிட்டார்.

முருகேசனுக்குக் காப்பி மூக்கில் ஏறிவிட்டது. அவருடைய அம்மா சிரிக்கவில்லை.

"பொண்ணுக்கு எப்பவுமே இந்தக் கொரல்தானா?"

"ஐயோ இல்ல மதினி, நேத்துப் பாடுனதுல கட்டிக்கிருச்சு" என்றாள் அம்மா.

"நேத்துந்தான் கேட்டமே. ஒரே வாயில ரெண்டு பேரு. சரி, போயிச் சொல்லிவிடுறோம்."

அந்தக் கடைசி வார்த்தைக்கு அர்த்தம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மேடையில் பாடுகிற பெண் வேண்டாம் என்று ஏற்கெனவே இரண்டு இடம் அதே வார்த்தையோடு போயிருந்தது. "இனி பாட்டும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்" என்று அம்மா அடுப்படியில் பாத்திரத்தை உருட்டினாள். குரல் திரும்பியே வராதோ என்ற பயம் எனக்கு. அழுதேன். அழுகையும் ஆண் குரலில்தான் வந்தது.

சில நாள் கழித்து ஒரு போன். "ஹலோ" என்றேன்.

"அண்ணே வணக்கம். முத்துச்செல்வி இருக்காகளா?"

"நான்தான் பேசுறேன்."

 அது முருகேசன். மெதுவாகச் சொன்னார்: "அந்த டூயட்டுல ரெண்டு பேரு பேச்சையும் நீங்களே பேசிக்கிட்டீக... கல்யாணத்துக்குப் பெறகு எனக்கும் கொஞ்சம் பேச விடுவீகளா?"

அவர் தன் அம்மாவைச் சம்மதிக்க வைப்பதற்குள் ஐப்பசி வந்துவிட்டது. எனக்கும் ஜெயபால் அண்ணனுக்கும் அதற்கு வெகு முன்பே குரல் வந்துவிட்டது. கல்யாணத்தில் எங்கள் குழுதான் கச்சேரி. ஜெயபால் அண்ணன் வாசலில் வெடிச்சத்தம் ஓயும்வரை மண்டபத்துக்குள்ளேயே வரவில்லை.

"எம் மருமக ரெண்டு கொரல்லயும் பாடுவா" என்று ஆலங்குளம் முழுக்கச் சொல்லி, அதற்குப் பிறகு எனக்கு மேடை பிடித்துக் கொடுத்தவர் என் மாமியார்தான்!

இப்போது வேனும் இல்லை, குழுவும் இல்லை. ராஜாமணி அண்ணன் மதுரையில் மகள் வீட்டோடு இருக்கிறார். லேப்டாப்பில் வெறும் இசை டிராக்கை ஓடவிட்டுப் பாடுகிறேன். வசதிதான். லேட்டாக வராது, பந்தி போட்டதும் எழுந்து ஓடாது.

போன மாதம் விருதுநகரில் ஒரு வளைகாப்பு. சரணத்தில் ஒரு வரி மறந்துவிட்டது. முன்பெல்லாம் அப்படி ஆனால் கீபோர்டு பக்கம் ஒரு பார்வை போதும். ராஜாமணி அண்ணன் அதே இசையைத் திரும்பத் திரும்ப வாசிப்பார், தபலாவும் கூடவே உருளும். எனக்கு வரி ஞாபகம் வரும்வரை எல்லோரும் அங்கேயே நிற்பார்கள். கேட்கிறவர்கள் அதற்கும் கை தட்டுவார்கள்.

பழக்கத்தில் திரும்பிப் பார்த்தேன்.

லேப்டாப் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது...