வாசலில் விட்ட வார்த்தைகள்

புரட்டாசி மாதத்தில் ஒரு முற்பகல், சவுளி மூட்டையோடு வந்த காதர் ராவுத்தர் மூட்டையை இறக்காமலே வாசலில் நின்றார். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் தெருவுக்குச் சேலை கொண்டுவருகிறவர் அவர். மூட்டையை இறக்கி, தலைத்துணியை உதறி, மோர் வாங்கிக் குடித்த பிறகுதான் பேசத் தொடங்குவார். அன்று நின்றபடியே சொன்னார்: "தாயி, ராசபாளையத்துல இருந்து நேரா வாரேன். பிடில்காரவிய தவறிட்டாவ. ராத்திரி படுத்தவிய காலையில எந்திரிக்கல. அம்மாகிட்ட பக்குவமாச் சொல்லு. வண்டிய நிறுத்தி வச்சிருக்கேன், ரெண்டு பேரும் ஏறிருங்க."

பிடில்காரவிய என்று அவர் சொன்னது என் தாயாரின் தம்பி திருவேங்கடம் மாமாவை. அம்மாவிடம் சொல்ல உள்ளே போன அந்தப் பத்தடி தூரத்தில் எனக்கு வந்தது எரிச்சல்தான். புது மெட்டு ஒன்றுக்குக் கடைசிச் சொல் சரியில்லை, வேறு தா என்று இருபது நாளாக என்னைப் படுத்திக்கொண்டிருந்தார். அந்தச் சொல் எனக்கு அன்று விடியற்காலையில்தான் கிடைத்திருந்தது. அதைக்கூடக் கேட்காமல் போய்விட்டாரே என்றுதான் நினைத்தேன். வண்டியில் அம்மா அழுதுகொண்டு வந்தாள். எனக்கு ராஜபாளையம் எல்லை வரும்வரை அந்த எரிச்சல் அடங்கவில்லை. இன்னும் முழுதாக அடங்கியதாகச் சொல்ல முடியாது.

ராஜபாளையத்திலும் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அவர் வாசிப்பைக் கேட்டவர்கள் இதைப் படிப்பீர்கள். அவர் சொந்தமாகக் கட்டிய மெட்டுகளுக்கு வார்த்தை கிடையாது என்றுதான் நீங்கள் எல்லோரும் நம்பியிருக்கிறீர்கள். "பிடில் திருவேங்கடம் வாசித்தால் அது வெறும் நாதம்" என்று பெருமையாகச் சொல்வீர்கள். அந்த மெட்டுகள் ஒவ்வொன்றுக்கும் வார்த்தை உண்டு. எழுதியவள் நான். இதை வெளியில் சொல்வது இதுவே முதல் தடவை.

வெள்ளிக்கிழமைகளில் அவர் மடவார் வளாகத்துக் கோயிலில் வாசிக்க ஸ்ரீவில்லிபுத்தூர் வருவார். வாசித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, பிடிலை எடுத்துப் புது மெட்டை நாலு தடவை வாசிப்பார். பிறகு "எழுதுடி" என்பார். எதற்கு என்று முதல் தடவை கேட்டேன். "பாடுறவனுக்கு மூச்சு முட்டும், நிறுத்திருவான். வில்லுக்கு மூச்சு ஏது? எங்க நிக்கணும், எங்க திரும்பணும்னு அதுக்கு யாராச்சும் சொல்லணும். வார்த்தைதான் சொல்லும்" என்றார். பிடில் வில் ஒரு பக்கம் போனால் திரும்பி வந்தாக வேண்டும். திரும்பக் கூடாத இடத்தில் திரும்பினால் மெட்டு இரண்டாக வெட்டுப்படும். அந்தத் திருப்பத்துக்காக மட்டும் அவருக்குப் பாட்டு வேண்டியிருந்தது. இது எனக்கு அப்போது விளங்கவில்லை. மாமா என் பாட்டைப் பாடப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சொல்லுக்காக அவர் என்னைப் படுத்தியதை எழுதாமல் இருக்க முடியாது. செண்பகத்தோப்புப் பக்கம் மலையில் மழைக்கு முன் மேகம் வந்து நிற்பதை எட்டு வரியில் எழுதியிருந்தேன். "முகிலெல்லாம் மலைமேலே தங்கி நிற்க, துளியொன்று வழிதேடித் துள்ளி ஓட" என்று தொடங்கும். மாமா வாசித்துப் பார்த்துவிட்டு, "தங்கி வேண்டாம். வில்லு வழுக்கிக்கிட்டுப் போகுது. அழுத்தி நிக்கிற எழுத்தாக் குடு" என்றார். 'ஒட்டி' கொடுத்தேன். "மேகம் என்ன கோந்தா?" 'பற்றி' கொடுத்தேன். "தீப் பத்துனாப்புல இருக்கு." 'தொக்கி' கொடுத்தேன். "துணி காயப்போட்டிருக்கியா?" அவர் நான்கு வெள்ளிக்கிழமை இப்படியே வந்து போனார். ஒருநாள் தொழுவத்தில் எங்கள் கன்று தாயின் மடியை முட்டிவிட்டு, பால் இறங்கட்டும் என்று ஒரு கணம் நின்றதைப் பார்த்தேன். 'முட்டி நிற்க' என்று எழுதிக் கொடுத்தேன். மாமா வாசித்தார். வில் அந்த 'ட்'டில் ஓர் இமைப்பொழுது நின்று, திரும்பியது. அவர் அம்மாவைப் பார்த்து, "அக்கா, இன்னைக்கு மோர்ல இஞ்சி தூக்கலாப் போட்டுக் குடு" என்றார். அவரிடம் நான் வாங்கிய பாராட்டுகளில் அதுதான் பெரியது.

அடுத்த ஆனியில் ராஜபாளையத்தில் சுப்பராஜா வீட்டுக் கல்யாணம். சுப்பராஜா பஞ்சு வியாபாரி. தெலுங்கு பேசும் குடும்பம். நாற்பது வயதுக்கு மேல் மாமாவிடம் பிடில் கற்றுக்கொள்ளத் தொடங்கியவர். மகள் கல்யாணக் கச்சேரிக்கு மதுரையிலிருந்து ஒரு பாடகரை வரவழைத்திருந்தார். நான் கெஞ்சியதற்காக மாமா வரிகளை அவருக்கு மட்டும் எழுதி அனுப்ப, அந்தப் பாடகர் என் மழைப்பாட்டைப் பாட ஒப்புக்கொண்டிருந்தார். யார் எழுதியது என்று சொல்லக் கூடாது என்பது என் நிபந்தனை. பெயர் எனக்கு வேண்டாம். ஒரே ஒரு தடவை, நாலு பேர் நடுவில், அந்தச் சொற்களை ஒரு வாய் சொல்லிக் கேட்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. வேறு எதற்கும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கச்சேரி தொடங்கும் நேரத்தில் சுப்பராஜா மேடைக்கு ஓடிவந்தார்.

"அண்ணா, அந்த மனுசன் தொண்டை கட்டிருச்சு. காத்துதான் வருது. ஏமி செய்ய?"

"மத்தியானம் மாம்பழம் எத்தன தின்னாரு?"

"ஏழு. எல்லாம் நம்ம தோப்புச் சப்பட்டை."

"ஏழு சப்பட்ட தின்னா யானையும் பிளிறாது. படுக்கச் சொல்லு."

"நீங்களே பாடிருங்க அண்ணா. உங்க குரலுக்கு என்ன குறை?"

உண்மைதான். மாமாவுக்கு நல்ல குரல். எங்கள் வீட்டுக் கிணற்றடியில் என் வரிகளை அவர் முணுமுணுத்ததை நானே கேட்டிருக்கிறேன். எட்டு வரியும் அவருக்குத் தலைகீழாகத் தெரியும். திரைப்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு பிடிலை எடுத்து, "வாசிக்கேன்" என்றார்.

வாசித்தார். நன்றாக வாசித்தார், அதுதான் இன்னும் கோபம். முடிந்ததும் பந்தல்காலில் சாய்ந்திருந்த ராவுத்தர், "எங்க அத்தா சாயங்காலம் கடைப்பலகைய ஒண்ணொண்ணா மாட்டுவாவ. கடைசிப் பலகைக்கு முன்னால செத்த நேரம் தெருவப் பாத்துக்கிட்டு நிப்பாவ. அந்த ஞாபகம் வந்துட்டு" என்று தம் தகப்பனாரைப் பற்றிச் சொன்னார். சுப்பராஜாவின் தாயார் எனக்குப் பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இது தன் அம்மா பாடிய தாலாட்டேதான் என்று சாதித்தார். பந்தலில் அத்தனை பேர் இருந்தார்கள். மேகம் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

வெள்ளிக்கிழமை வந்ததும் சண்டை போட்டேன்.

"ராவுத்தருக்குக் கடைப்பலகை கேட்டுச்சாம், பாத்தியா?" என்று அவரே சந்தோஷமாகத் தொடங்கினார்.

"எனக்கு என் பாட்டு கேட்கல மாமா."

"பொய் சொல்லாத. உன் உதடு அசைஞ்சுதுன்னு உங்கம்மா சொன்னா."

"ஒரே ஒரு தடவ நீங்க வாயத் திறந்திருந்தா என்ன?"

"திறந்திருந்தா அம்புட்டுப் பேரும் உன் மேகத்தப் பாத்திருப்பாவ. ராவுத்தரு அவரு அத்தாவப் பாத்திருக்க மாட்டாரு."

"அப்ப என்னைய எதுக்கு எழுதச் சொன்னீய? நாலு வாரம் ஒரு சொல்லுக்கு எதுக்கு அலையவிட்டீய?"

அதற்குத்தான் அவர், பிறகு எதைப் பற்றி என்று விளக்காமலே பலரிடமும் சொன்ன அந்த வாக்கியத்தைச் சொன்னார்: "செருப்பு இல்லாம இம்புட்டுத் தூரம் நடந்து வர முடியாது. செருப்போட வீட்டுக்குள்ள வரவும் முடியாது. வாசல்லதான் விடணும்."

"என் வார்த்தை செருப்பா மாமா?"

"நல்ல செருப்புடி" என்றார். சமாதானப்படுத்துவதாக எண்ணம்.

மூன்று வெள்ளிக்கிழமை அவர் வந்தபோது நான் அறையைவிட்டு வெளியே வரவில்லை. நான்காவது வெள்ளிக்கிழமை அவர் கூடத்தில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து மழைப்பாட்டை வாசித்தார். ஒவ்வொரு திருப்பமும் தப்பு. 'மலைமேலே' நடுவில் அறுந்தது. 'துளியொன்று' மூன்று துண்டானது. 'முட்டி'யில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடினார். அம்மா கண்ணை மூடி, "தேனா இருக்குடா தம்பி" என்றாள். அவளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அந்த ஊரில் அதைக் கேட்டு வேதனைப்பட ஒரே ஒரு ஆள்தான் உண்டு. மூன்றாவது தடவையும் அப்படியே வாசிக்கத் தொடங்கியபோது கதவைத் திறந்து, "அங்க திரும்பக் கூடாது" என்று கத்தினேன்.

"அப்ப உள்ளதான் இருக்க" என்றார் மாமா. பிறகு மடியிலிருந்து வெற்றிலையை எடுத்துக்கொண்டு, "புது மெட்டு ஒண்ணு வச்சிருக்கேன், எழுது" என்றார். எழுதினேன். என் ரோஷத்தின் ஆயுள் அவ்வளவுதான்.

பல வருஷம் கழித்து, மாமா இறந்த பதினாறாம் நாள் ராஜபாளையத்தில் அவர் வீட்டில் கூடினோம். ராவுத்தரும் வந்து கூடத்தில் உட்கார்ந்தார். சுப்பராஜா தம்முடைய பிடிலைக் கொண்டுவந்து, மாமாவின் மெட்டுகளில் தமக்குத் தெரிந்தது இது ஒன்றுதான் என்று சொல்லி மழைப்பாட்டை வாசித்தார். கை பழகாதவர், சுருதி அங்கங்கே பிசகியது. முதல் வரியில் 'மலைமேலே' என்று நான் எழுதிய இடம் வந்தது. அடுத்து, 'முட்டி'யில், வில் நின்றது. ஓர் இமைப்பொழுது. பிறகு திரும்பியது.

நான் பாட்டு எழுதிய கடுதாசியை அவர் பார்த்ததில்லை. அந்தப் பாட்டில் ஒரு சொல்லும் அவருக்குத் தெரியாது. நான் கதவோரத்திலிருந்து கேட்டுவிட்டேன்: "அந்த இடத்துல வில்லை ஏன் நிறுத்துனீங்க?"

"அதைக் கேக்காத செல்லி" என்றார் சுப்பராஜா. தங்கையை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "மூணு மாசம் அந்த ஒரு எடத்துக்கு என்னைப் போட்டு வாட்டி எடுத்துட்டார். ஏன் அண்ணா நிக்கணும்னு கேட்டா, 'அங்க மலை இருக்கு, நின்னுதான் திரும்பணும்'னார். எந்த மலைன்னு கடைசிவரைக்கும் சொல்லல."

நான் உள்ளே போனேன். பெட்டியில் கொண்டுவந்திருந்த கடுதாசியை எடுத்துவந்து அவரிடம் கொடுத்தேன். எந்த மலை என்று அதில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கதவோரத்துக்கே திரும்பினேன். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். ஒரு தடவை கதவுப்பக்கம் பார்த்தார். யார் எழுதியது என்று கேட்கவில்லை. பிறகு கடுதாசியை முன்னால் விரித்து வைத்து, வாசித்துக்கொண்டே பாடினார்.

இத்தனை வருஷம் நான் கேட்கக் காத்திருந்தது கடைசியில் நடந்தது. "முட்டி நிற்க" என்று அவர் வாய் நிறையப் பாடினார். வில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. நிறுத்தி மறுபடியும் பாடினார், மறுபடியும் வழுக்கியது. மூன்றாவது தடவையும் அதேதான். அவர் பாடுவதை நிறுத்திவிட்டு, "மன்னிச்சுக்கோ செல்லி. வாயைப் பாத்தா கை போயிருது" என்று கடுதாசியை நாலாக மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு வாசித்தார். வில் மலையில் நின்று திரும்பியது.

"இப்பத்தான் எங்க அத்தா நின்னாவ" என்றார் ராவுத்தர்.

செத்துப் பதினாறு நாள் ஆன பிறகும் என்னோடு வாதாடி ஜெயிக்கிற மனிதரை என்ன செய்வது? திரும்பி வரும்போது வண்டியில் எனக்கு அழுகை வந்தது. அம்மா, "இப்பவாச்சும் அழுதியே" என்றாள்.

மெட்டுகள் சுப்பராஜாவிடம் ஒன்றும், கேட்ட உங்கள் காதுகளில் மிச்சமும் இருக்கின்றன. என்னிடம் மீந்திருப்பது அந்தப் புரட்டாசிக் காலையில் கிடைத்த ஒரு சொல். மாமா கேட்டபடியே, வில் நிற்காமல் கரைந்து போகிற மாதிரி முடியும் சொல். அதற்கான மெட்டு வேறு யாருக்கும் தெரியாது. வாசிக்க ஆள் இல்லாமல் அதை இங்கே எழுதி என்ன பயன்? வெள்ளிக்கிழமைகளில் இன்னும் அதை மனத்துக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். தைத்து முடித்த செருப்பு வாசலில் கிடக்கிறது. போட்டு நடக்கிறவர்தான் வரவில்லை. எடுத்து உள்ளே வைக்கவும் எனக்கு மனமில்லை.