வண்டி இழுக்கும் பூங்காவனம்

வண்டியின் கைப்பிடியைத் தூக்குவதற்கு முன் பூங்காவனம் இரண்டு உள்ளங்கைகளிலும் துப்பித் தேய்த்துக்கொள்வாள். கோணிச் சாக்கை மடித்து வலது தோளில் போட்டு, இழுகயிற்றை அதன்மேல் மாட்டி, வண்டியைத் திரும்பிப் பார்த்து, "வாடி, போலாம்" என்பாள். வண்டி புறப்படும். மலாக்காவில், காஜா பேராங்கில், எங்கள் பலகை வீட்டு வரிசை விழித்துக்கொண்டது அந்தச் சக்கரச் சத்தத்தில்தான். ஜப்பான்காரன் வந்து ஊர்க் கடிகாரங்களை எல்லாம் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பிவிட்டதில் எங்கள் யாருக்கும் மணிக்கணக்குப் பிடிபடவில்லை. பூங்காவனம் கிளம்பிவிட்டால் விடிந்துவிட்டது என்று பொருள்.

ஒரு காலத்தில் அது மாட்டு வண்டி. அவள் புருஷன் சடையன் அதை ஓட்டிக்கொண்டிருந்தான். சண்டைக்கு முந்தின வருஷம் காய்ச்சலில் போய்விட்டான். பட்டாளம் ஊருக்குள் வந்ததும் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனார்கள், வண்டியை விட்டுவிட்டார்கள். பூங்காவனம் சில நாள் அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாரத்தைக் குறைத்து, நுகத்தடியைக் கழற்றி, ஒற்றை ஆள் இழுக்கும் கைவண்டியாக அதை ஆக்கிவிட்டுத்தான் எழுந்தாள். "மாடு போனா என்ன, நான் இருக்கேன்ல" என்றாள்.

புக்கிட் காதில் என்ற ஊர்த் தோட்டங்களிலிருந்து மரவள்ளிக்கிழங்கு, திரும்பும்போது யாருக்காவது விறகு. அரிசி கண்ணில் படாத அந்த நாட்களில் எங்கள் வரிசையின் பாதி வயிறு அவள் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. கிழங்கு கோணலாக இருந்தால் அதையும் திட்டுவாள்: "நேரா வளர உனக்கு என்னா கேடு?" அவள் சிரித்தால் நாலு வீடு தள்ளி இருக்கும் கோழி தலையைத் தூக்கும்.

பூங்காவனம் நல்ல கறுப்பு. நனைந்த கரிக்கட்டைக்கு ஒரு மினுமினுப்பு உண்டல்லவா, அந்தக் கறுப்பு. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போன வயதில் கங்காணி அவளுக்கு எப்போதும் நிழல் இல்லாத மேட்டு நெரையை, மேட்டு மர வரிசையைத்தான் கொடுப்பானாம். "கறுப்பிக்கு வெயிலு உறைக்காது." கல்யாணம் ஆகிப் போன இடத்தில் மாமியார், "கறுப்புத் தோலுக்கு வலி தெரியாது" என்று சொல்லிக்கொண்டே உலக்கையை அவள் கையில் கொடுப்பாளாம். பலபேர் பலமுறை சொன்னதில் அவளே அதை நம்பிவிட்டாள். "என் மேல அழுக்குப் பட்டாலும் தெரியாது, அடி பட்டாலும் தெரியாது" என்று தானே வேடிக்கையாகச் சொல்வாள். நாங்களும் சிரிப்போம்.

அடுத்தவருக்குச் செய்வதென்றால் அவளை மறிக்க முடியாது. கோடி வீட்டு நாகூர் மீரானின் மனைவி ஹஸீனாவுக்கு ஒரு நடுப்பகலில் வலி கண்டபோது, வண்டியில் வைக்கோலைப் பரப்பி, அவளைப் படுக்க வைத்து, ஆஸ்பத்திரிவரை ஓடியே இழுத்துப் போனவள் பூங்காவனம். பெண் குழந்தை. மீரான் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள், "வழிய விடுங்க பாய், விறகு ஏத்தணும்" என்று போய்விட்டாள்.

வாங்கிக்கொள்வது என்பதுதான் அவளிடம் நடக்காது. மேட்டில் வண்டி திணறும்போது நான் ஒருமுறை பின்னாலிருந்து தள்ளப் போனேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "கைய எடு தம்பி" என்றாள். எடுத்தேன்.

அடுத்த வீட்டுச் சந்திரமதி மலாக்காச் செட்டிக் குடும்பம். கும்பிடுவது நம் மாரியம்மனை, பேசுவது மலாய். தமிழ் நடுவில் இரண்டொரு சொல்லாக மிதக்கும். அவள் ஒருநாள் ஒரு சட்டியில் மிளகாய்ச் சம்பல் அனுப்பினாள். சாயங்காலத்துக்குள் சட்டி கீரையோடு திரும்பியது. மறுநாள் சந்திரமதி அதில் சுட்ட மீனை வைத்தாள். அது பப்பாளியோடு திரும்பியது. இப்படியே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் சட்டி விளிம்பு உடைந்து போட்டி முடிந்தபோது, இருவரும் அதற்கு ஒருவரை ஒருவர் குற்றம் சொன்னார்கள்.

மழைக்காலம் தொடங்கியபோது பூங்காவனத்தின் இடது கணுக்காலில் ஒரு துணிச்சுற்று முளைத்தது. கேட்டவர்களிடம், "செருப்பு இல்ல, அதான்" என்றாள். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. அவள் நடை கொஞ்சம் சாய்ந்தது. சிரிப்பு குறைந்தது. அந்த நாட்களில் காலில் புண் என்றால் விளையாட்டில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து கிடையாது. பக்கத்துத் தெருவில் ஒருவருக்குக் காலை முட்டியோடு எடுத்திருந்தார்கள். அவளுக்கும் அது தெரியும்.

ஒரு பிற்பகல், கொட்டுகிற மழையில், கிழங்கு ஏற்றி வந்த வண்டி எங்கள் வரிசைக்கு எதிரிலேயே வழுக்கிக் கால்வாயில் ஒரு சக்கரத்தை இறக்கிவிட்டது. கிழங்குகள் தண்ணீரில் மிதந்து போயின. பூங்காவனம் இறங்கிச் சக்கரத்துக்குத் தோள் கொடுத்தாள். தூக்கினாள். கால் மடங்கியது. சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். மறுபடி எழுந்து தூக்கினாள், மறுபடி உட்கார்ந்தாள்.

நாங்கள் எல்லாரும் அவரவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவரும் அசையவில்லை. கல்நெஞ்சம் இல்லை, பழக்கம். இத்தனை காலமாக அவள் எங்களைப் பழக்கியிருந்தாள்.

சந்திரமதி மட்டும் சரோங்கைத் தூக்கிச் செருகிக்கொண்டு மழையில் இறங்கினாள். கால்வாயின் மறுகரையில், பூங்காவனத்துக்கு நேர் எதிரே, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவர்கள் பேசியது பாதி மலாய், பாதி தமிழ். நான் தமிழில் தருகிறேன். ஒரே ஒரு சொல்லை மட்டும் அப்படியே விடுகிறேன். உதவிக்கு மலாயில் தோலோங் என்பார்கள். உதவுங்கள் என்று கேட்பதற்கும் அதே சொல்தான்.

"தோலோங் வேணுமா?" என்றாள் சந்திரமதி.

"வேணாம். உள்ள போ, நனையிற."

"நீ போனா நானும் போறேன்."

பூங்காவனம் சக்கரத்தைப் பார்த்தாள். "மாட்டிக்கிச்சு" என்றாள்.

"தெரியுது."

"நீ சும்மாதானே நிக்கிற?"

"ஆமா. சும்மாதான் நிக்கிறேன். நீ கேட்டா வர்றேன். கேக்காட்டி இங்கயே நிக்கிறேன்."

மழை இருவர் தலையிலும் கொட்டியது. சந்திரமதியின் கொண்டை அவிழ்ந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. அவள் நகரவில்லை. பூங்காவனத்தின் உதடுகள் ஏதோ சொல்ல முயன்று முயன்று நின்றன. தமிழில் அந்தச் சொல்லை அவள் வாழ்நாளில் யாரிடமும் சொன்னதில்லை. கடைசியில் மலாயில்தான் வந்தது.

"தோலோங்லா," என்றாள், யாரையோ வைகிற மாதிரி.

கதவுகள் எல்லாம் திறந்ததுபோல் இருந்தது. ஹஸீனா முக்காட்டை இறுக்கி முடிந்துகொண்டு ஓடி வந்தாள். மீரான் வந்தார். எங்கிருந்தோ பத்துப் பெண்கள் வந்து கிழங்கைத் தண்ணீரில் துரத்தினார்கள். நானும் ஓடினேன். எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை, சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குறுக்கே வராமல் நிற்பது. வண்டி மேலே ஏறியது. பூங்காவனத்தையும் அதிலேயே ஏற்றினார்கள். "நான் நடந்தே…" என்று தொடங்கியவள் சந்திரமதியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

வீட்டில் வைத்துக் கால்துணியை அவிழ்த்தார்கள். ஹஸீனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எப்பலேர்ந்துக்கா இப்படி?"

"வண்டி ஆணி கீறிச்சு. ஒண்ணுமில்ல. பாரு, சுத்தி செவக்கக்கூட இல்ல."

சந்திரமதி புண்ணுக்கு மேலே காலில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "கொதிக்குது" என்றாள். "உன் தோல் எங்க செவக்கும்? செவக்காத தோல் எரியாதுன்னு உனக்கு யார் சொன்னது?"

சொன்னவர்கள் பலர்.

மருந்துக்கு எங்கே போவது? மீரான் கடற்கரைக்கு நடந்து போய்த் தகரத்தில் கடல்நீர் எடுத்து வந்தார். சந்திரமதி அதைக் காய்ச்சி வெதுவெதுப்பாக ஊற்றி ஊற்றிப் புண்ணைக் கழுவினாள். கட்டுப்போடத் துணி வேண்டும். ஊரே சாக்கைக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஹஸீனா பெட்டியைத் திறந்து தன் கல்யாண முக்காட்டை, மெல்லிய மஸ்லின், எடுத்து வந்து பல்லால் கடித்து நீளவாக்கில் கிழித்தாள்.

"ஏ புள்ள, கல்யாணத் துணி" என்று பதறினாள் பூங்காவனம். "இத வாங்கிக் கால்ல கட்டிக்க நான் என்னா பிச்சக்காரியா?"

ஹஸீனா கிழிப்பதை நிறுத்தவில்லை. "நாங்க குடுத்தா பிச்ச, நீங்க குடுத்தா உதவியாக்கா? அப்ப அன்னிக்கு என்னைய வண்டியில ஏத்திக்கிட்டுப் போனீங்களே, எங்கள என்னான்னு நெனச்சு செஞ்சீங்க?"

பூங்காவனம் காலை நீட்டினாள்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால் சிரிப்பு வரும். வண்டியைச் சந்திரமதியும் ஹஸீனாவும் எடுத்துக்கொண்டு புக்கிட் காதிலுக்குப் போனார்கள். ஒருத்தி முன்னால் இழுக்க, ஒருத்தி பின்னால் தள்ள, வண்டி சாலையில் பாம்புபோல் வளைந்து போயிற்று. கிழங்கு பாதி வழியில் கொட்டி, பொறுக்கி, மறுபடி கொட்டி வந்து சேர்ந்தது. உள்ளே படுத்திருந்த பூங்காவனம் சக்கரச் சத்தத்தை வைத்தே பலகைச் சுவர் அதிரக் கத்துவாள்: "இடது பக்கம் பாரம் ஏறிக் கெடக்குடி. தள்ளாத, சாயும்." வெளியிலிருந்து சந்திரமதி மலாயில் ஏதோ திருப்பிக் கொடுப்பாள். அதை நான் மொழிபெயர்க்கப் போவதில்லை.

முதல் வாரம் அவளுக்குப் படுக்கை முள்ளாகக் குத்தியது. யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒற்றைக் காலில் குதித்து அடுப்பு மூட்டப் போய் விழுந்தாள். விழுந்த சத்தம் கேட்டு ஹஸீனா வந்தாள். கைக்குழந்தையைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டாள். "இவள வச்சிருங்க. எனக்கு வேல இருக்கு." குழந்தை மடியில் தூங்கிவிட்டால் எழ முடியாதல்லவா. பூங்காவனம் அசையாமல் உட்கார்ந்திருந்ததை அன்றுதான் நாங்கள் முதன்முதலாகப் பார்த்தோம்.

கால் பிழைத்தது. மெல்ல, உள்ளிருந்து சதை வந்து மூடியது. இதற்குள் அவளுக்கு அந்தச் சொல் நாக்கில் நன்றாகப் படிந்துவிட்டது. சந்திரமதி தினமும் ஒரு தடவையாவது கேட்க வைப்பாள், கேட்டால்தான் கஞ்சி. முதலில் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். பிறகு ஆளைப் பார்த்துக் கேட்டாள். அப்புறம் அதை எங்கள்மேல் அள்ளி வீசத் தொடங்கினாள். "பாய், தோலோங், அந்தச் சாக்க இப்படித் தள்ளுங்க." "தம்பி, தோலோங், நிக்காத, புடி." கெஞ்சல் மருந்துக்கும் கிடையாது, சார்ஜன்ட் கொடுக்கும் கட்டளை. சண்டை முடிந்து கடையில் அரிசியும் சோப்பும் வந்துவிட்டன. அந்தத் தொனி மட்டும் இன்னும் மாறவில்லை.

சோப்பு இல்லாமல் எல்லார் தலையிலும் பேன் மண்டியிருந்த காலத்தின் ஒரு பிற்பகலைச் சொல்லி முடிக்கிறேன். கால் ஆறி, மறுபடி வண்டி இழுக்கத் தொடங்கியிருந்தாள். வெயில் இதமாக இருந்தது. சந்திரமதி வீட்டுப் படியில் உட்கார்ந்து ஹஸீனாவுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள்; இருவரும் ஏதோ வம்பு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பூங்காவனம் வண்டியை நிறுத்திவிட்டு வந்து சற்று நேரம் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். ஹஸீனா எழுந்ததும், அந்த இடத்தில், கீழ்ப்படியில், சந்திரமதியின் முழங்கால்களுக்கு இடையே உட்கார்ந்தாள். கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொண்டையை அவிழ்த்துவிட்டு, கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் கொடுத்தாள்.