ஒன்பதாம் நம்பர் அறை

புனேயின் பாணேர் பகுதியில் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் மேசை மணியைத் தட்டினேன். அந்த ‘டிங்’ சத்தம் என்னை எட்டு வயதுக்கு இழுத்துப் போய்விட்டது.

அம்மா டம்ளரைக் கரண்டியால் தட்டினால் ஹோட்டல் தொடர்கதை ஆரம்பம். புனேயில் வளர்ந்த எனக்குத் தமிழ் படிக்க வராது. வாரப் பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டு, சப்பாத்தி தேய்த்தபடியே அம்மா வாசிப்பாள். ஒன்பதாம் நம்பர் அறைக் கதவு திறக்கப்போகும் நேரத்தில் பட்டென்று நிறுத்திவிடுவாள்.

“உள்ள யாரும்மா? சொல்லும்மா!”

“அடுத்த வாரம்டி.”

அதுவரை பொறுக்க முடியுமா? பிடிவாதமாக எழுத்துக் கூட்டப் பழகினேன். ஒருநாள் அம்மா காய்கறி வாங்கப் போனதும் பத்திரிகையை எடுத்தேன். அவள் மடித்து வைத்திருந்த பக்கத்தில் இருந்தது எலுமிச்சை ஊறுகாய் செய்முறை! பழைய இதழ்களைப் புரட்டினேன். ஹோட்டல் கதைக்கு எப்போதோ ‘முற்றும்’ போட்டிருந்தார்கள். அத்தனை வாரமும் அம்மா தானே கதை கட்டி எனக்கு வாசித்திருக்கிறாள்!

யாரிடமும் மூச்சு விடவில்லை. அன்று சாயங்காலம் டம்ளரை நானே தட்டினேன்.

“வாசிம்மா, சீக்கிரம்!”

எந்த அறை வேண்டும் என்று, மணிச் சத்தம் கேட்டு வந்த வரவேற்பாளர் இந்தியில் கேட்டார்.

“ஒன்பது!” என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.