இழை தெரிஞ்ச கண்ணு

எங்க நகரியில கண்ணுக்கு ஒரே பரீட்சைதான். தறியில அறுந்த இழையப் புடிச்சி முடிச்சி போட்டுட்டா, கண்ணு நல்லாக் கீதுன்னு அர்த்தம். என் சம்சாரம் கண்ணாடிய மாட்டிக்கினான்னா ஒரு இழை தப்பாது.

அந்தக் கண்ணாடிய செஞ்சவரு அப்பவே சொன்னாரு. "நான் பாத்தது பவர் மட்டும்தான். திருப்பதி கண்ணாஸ்பத்திரிக்குப் போயி, சொட்டு மருந்து போட்டு, உள்ளாற எல்லாம் ஒரு தடவ பாத்துடுங்க." எனக்குச் சுள்ளுன்னு வந்துச்சி. இழை தெரியிற கண்ணுக்கு ஆஸ்பத்திரி எதுக்குன்னு கேட்டுட்டு வந்துட்டேன்.

அப்புறமா அவ இடிச்சிக்க ஆரம்பிச்சா. நிலையில தோள்பட்ட, தறி மூலையில இடுப்பு. ஒரு நாள் பாவு நூலுக்குப் போட வெச்சிருந்த கஞ்சிய எட்டி ஒதச்சிக் கொட்டிட்டா. "கண்ணு இன்னா பொடனிலயா கீது? பாத்து நடக்கத் தெரியாது?" கூலியாளுங்க எதுர்லயே கத்துவேன். அவ தொடச்சிட்டுப் போயிடுவா.

போன மாசம் கடைத்தெருவுல ஒரு பைக்குக்காரன் இடிச்சித் தள்ளிட்டான். அங்கயும் அவளத்தான் திட்டினேன், ஹாரன் கேக்கலையான்னு.

"கேட்டுச்சி. வண்டிதான் தெரியல"ன்னா.

மறுநாளே திருப்பதி பஸ் ஏறினோம்.

டாக்டரம்மா சொட்டு போடறதுக்கு முன்னாடி அவ எதுர்ல உக்காந்து, ஒரு கண்ண மூடச் சொல்லி, ஓரத்துலருந்து விரல ஆட்டிக்கினே உள்ள கொண்டாந்தாங்க. தெரிஞ்சதும் சொல்லணும். பக்கத்துல நின்ன எனக்கு விரல் நல்லாத் தெரியுது. இவ வாயே தொறக்கல. மூக்குக்கிட்ட வந்தப்புறம்தான் "தோ"ன்னா. இன்னொரு கண்ணும் அப்படியே.

அப்புறம் மிஷின்ல எல்லாம் வெச்சிப் பாத்துட்டுச் சொன்னாங்க. கண்ணுக்குள்ள பிரஷர். ஓரத்துப் பார்வைய மொதல்ல தின்னுடும், நடுப் பார்வ கடைசி வரைக்கும் நல்லா இருக்கும், அதனால யாருக்கும் தெரியாது. போனது திரும்பாது. மிச்சத்த சொட்டு மருந்து விட்டுக் காப்பாத்தலாம்.

பாவி நான், முன்னாடியே கூட்டினு வந்திருந்தா ஓரமும் மிஞ்சியிருக்கும்.

"இவ்ளோ நாளா இடிச்சிக்கினு இருந்திருப்பாங்களே, வீட்ல ஒருத்தரும் கவனிக்கலையா?" டாக்டரம்மா என்னத்தான் பாத்துக் கேட்டாங்க.

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவ முந்திக்கினா.

"கவனிக்காம இன்னா டாக்டரம்மா. பாத்து நட, பாத்து நடன்னு தெனம் சொல்லுவாரு. நான்தான் கேக்கல."