கடுக்காய்க் கை பட்ட கதைப் புத்தகங்கள்

புதுப் புத்தகப் பெட்டியைத் திறந்தால் முதலில் வைக்கோல் வாசனை. அடுத்து பசை, அச்சு மை... இத்தனையையும் மீறி ஜன்னல் வழியாக வரும், பதனிட ஊறப்போட்ட தோலின் நாற்றம். நண்பர்களே, நீங்கள் மூக்கைப் பிடிப்பீர்கள். எனக்கு அது இன்றும் நல்ல மணம்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். ஆம்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியையாகப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். தற்காலிக வேலை. வருஷக் கடைசியில் தலைமையாசிரியை ஞானம்மாள் ஒரு வார்த்தை சொன்னால் இருப்பேன். இல்லையென்றால் வேலூர் பக்கத்தில் என் ஊரான விரிஞ்சிபுரத்துக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அங்கே அம்மா மாப்பிள்ளையைத் தயாராகப் பார்த்து வைத்திருந்தாள். வேலை நிலைத்தால் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடலாம் என்று அரை மனதோடு ஒப்புக்கொண்டிருந்தாள்.

ஞானம்மாளை ஊரே பெரிய டீச்சர் என்றுதான் கூப்பிடும். அதிகம் பேசமாட்டார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாலே நாங்கள் ஆளுக்கொரு பக்கம் நழுவிவிடுவோம்.

அந்த வருஷம்தான் முதன்முதலாகப் பள்ளிக்கென்று புதுக் கதைப் புத்தகங்கள் வாங்குவதாக ஏற்பாடு. பத்து, பதினொரு வயசுப் பிள்ளைகளுக்கானவை. சென்னைக் கடைக்காரர் ஒரு பெட்டி நிறைய அனுப்பியிருந்தார். வேண்டியதை வைத்துக்கொள்ளலாம், மற்றதை அப்படியே திருப்பி அனுப்பலாம், ஆனால் அழுக்குப் பட்டது கடைக்குத் திரும்பக் கூடாது... இதுதான் ஏற்பாடு. எங்களால் பாதிப் பெட்டிக்கு மேல் வாங்க முடியாது.

பொறுக்குகிற வேலை என் தலையில் விழுந்தது.

பெரிய டீச்சர் தனக்குப் பிடித்த ஒன்றை மட்டும் எடுத்துப் பெட்டியில் மற்றவற்றுக்கு மேலே வைத்தார். பொய் சொன்ன பையன் பக்கத்துக்குப் பக்கம் கஷ்டப்படுகிற கதை. மீதியைப் பிள்ளைகளிடமே காட்டிப் பார்க்கிறேன் என்று கேட்டேன். கிணற்றடியில் கை கழுவிவிட்டுத் தொடட்டும் என்று சம்மதித்தார்.

கை கழுவச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் பிள்ளைகள் பாதிப் பேர் வீட்டில் தோல் பதனிடுகிற இடத்துக்காகக் கடுக்காய் உடைப்பார்கள். அந்தத் தூள் ரேகைக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

அன்றைக்கென்று பார்த்துக் கிணற்றுக் கயிறு அறுந்து கிடந்தது. கை கழுவ எந்தத் தண்ணீராயிருந்தால் என்ன என்று தோட்டத்துத் தொட்டியைக் காட்டினேன். துருப்பிடித்த இரும்புத் தொட்டி. பிள்ளைகள் சமர்த்தாகக் கழுவிக்கொண்டு வந்து ஆளுக்கொன்று எடுத்து உட்கார்ந்தார்கள். நானும் ஒன்றைக் கையில் எடுத்தேன். ஒரு சிறு பெண் தனியாக ரயிலேறித் தொலைந்துபோன தம்பியைத் தேடுகிற கதை. எடுத்த நான் முடிக்கும்வரை தலை நிமிரவே இல்லை; முடித்ததும் அடுத்ததை எடுத்தேன். வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்தபோதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மணி அடித்தபிறகுதான் பார்த்தேன். பிள்ளைகளின் விரலெல்லாம் கறுப்பு. புத்தக ஓரமெல்லாம் கறுப்பு. முந்தானையால் ஒன்றைத் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை.

பெரிய டீச்சர் வந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"கெணத்தாண்ட கழுவச் சொன்னா தொட்டியில கழுவ உட்டீங்களா? கடுக்காயும் இரும்புத் தண்ணியும் சேர்ந்தா மைதானேம்மா. வேலூர் பக்கம் இது தெரியாதா?"

மனசுக்குள் விரிஞ்சிபுரத்துக்கு வண்டி ஏறியாகிவிட்டது. மாப்பிள்ளையின் மீசைகூடத் தெரிந்தது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்ட ஆரம்பித்தார். ரயில் கதையில் கறை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை போயிருந்தது. நான் கீழே வைத்ததும் பவுனு என்கிற பெண் பிடுங்கிக்கொண்டு போயிருந்தாள். சோம்பேறிப் புலியின் கதையிலும் அப்படித்தான், நடுவில் ஒரு பக்கம் கிழியாத குறை. பெட்டியில் பாதிக்கு மேல் பிள்ளைகள் தொடவே இல்லை. வெள்ளை வெளேரென்று கிடந்தன.

கடைசியாகத் தான் மேலே வைத்துவிட்டுப் போன புத்தகத்தை எடுத்தார். நாலாம் பக்கத்தோடு கறை நின்றுவிட்டது. அதற்கப்புறம் சுத்தம். நாலு பக்கத்துக்கு மேல் எந்தப் பிள்ளையும் படிக்கவில்லை என்று எழுதி வைத்த மாதிரி.

பெரிய டீச்சர் அந்த நாலாம் பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்கு நேரம் பிடித்தது.

"இத நான் வீட்டுக்கு எடுத்துக்கறேன். எனக்கு மட்டுந்தான் புடிச்சிருக்குது," என்றார். "கறை பட்டதெல்லாம் அலமாரிக்குப் போகட்டும். மீதியக் கட்டி அனுப்பிடுங்க."

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் எழுந்து வாசல்வரை போய்விட்டுத் திரும்பினார்.

"அடுத்த வருஷமும் நீங்களே பொறுக்குங்க டீச்சர். தொட்டித் தண்ணி மட்டும் வாணாம்."

அடுத்த வருஷம்! அந்த ஒரு சொல்லில் என் வேலை இருந்தது. அலமாரியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிள்ளைகள் கறை பட்டதற்குத்தான் அழுகிறேன் என்று நினைத்து, "கம்மியாத்தான் பட்டுக்குது டீச்சர்" என்று சமாதானம் சொன்னார்கள்.

அதற்கப்புறம் அதே பள்ளியில் வேலை பார்த்தே ஓய்வு பெற்றேன். கல்யாணமும் நடந்தது, நான் பார்த்துச் சரி சொன்ன மனிதரோடு. எல்லாம் அந்த ஒரு மத்தியானம் போட்ட பிச்சை.

இப்போது அங்கே போனால் கண்ணாடி அலமாரி, நல்ல பூட்டு. வண்ணப் படம் போட்ட கதைகள் எத்தனை! குழாயைத் திருகினால் தண்ணீர். எந்தப் பிள்ளையும் கடுக்காய் உடைத்துவிட்டு வகுப்புக்கு வருவதில்லை. அதைப் பார்க்க எனக்கு மனசு நிறைகிறது, பொய் சொல்லவில்லை.

ஆனால் போன தடவை ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். வாங்கி நாளாகிவிட்டதாம். முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒரே வெள்ளை. சின்ன டீச்சர் பெருமையாகச் சொன்னாள், "பாருங்கம்மா, எவ்ளோ நீட்டா வெச்சிருக்கோம்."

பெரிய டீச்சர் இருந்திருந்தால் கண்ணாடியைக் கழற்றியிருப்பார். எனக்கு அந்தத் தைரியம் இல்லை... அலமாரிச் சாவியை மட்டும் கேட்டு வாங்கி, அங்கே நின்றிருந்த பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.